சிநேகிதிக்கு அறுபது: இரண்டு பேர் ஞாபகத்தையும் ஒரே புத்தகத்தில் சேர்ப்பது எப்படி

ஆண்களுக்கு அறுபது நிறைந்தால் ஊரைக் கூட்டி அறுபதாம் கல்யாணம் நடக்கிறது. பிறந்த தமிழ் வருடமே பெயர் மாறாமல் சுற்றி வந்துவிட்டது என்று மாலை மாற்றி, கலச நீர் ஊற்றி, பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அறுபது எப்போது நிறைந்தது என்று கேட்டால் அவருக்கே யோசிக்க வேண்டியிருக்கும். 1966 ஏப்ரல் நடுவில் தொடங்கிய பராபவ வருடம் 2026 ஏப்ரலில் மறுபடி வருகிறது. அந்த வருடத்தில் பிறந்த ஒருத்தியை ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரியும். புடவை எடுத்துக் கொடுக்கலாம் என்றால் அவள் பிறந்ததே கும்பகோணத்தில் பட்டுத்தறி வீடு, வாழ்க்கைப்பட்டது பரமக்குடியில் இன்னொரு தறி வீடு. என் புடவையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விலையையும் சொல்லி, ஏமாந்த தொகையையும் சொல்லிவிடுவாள்.

அதனால் அவளுக்கு ஒரு சின்னப் புத்தகம் போட்டேன். இரண்டே பிரதி, அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. எப்படிச் செய்தாய் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் போனில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்றுதான் இது. ஆண்களும் செய்யலாம், தடை ஒன்றும் இல்லை.

மலர் வேண்டாம்

நினைவு மலர் என்றாலே நமக்கு ஒரு வழக்கம் பழகிப்போயிருக்கிறது. முதல் பக்கத்தில் வாழ்த்துச் செய்தி, அடுத்த பக்கத்தில் வெண்பா மாதிரி ஏதோ ஒன்று, அப்புறம் ஆளாளுக்கு ஒரு பக்கம் "தங்கமான மனசு", "சிரித்த முகம்" என்று எழுதிக் கொடுப்பார்கள். அட்டையைக் கிழித்துவிட்டால் அது யாருக்கு எழுதியது என்று கண்டுபிடிக்க முடியாது. இந்தப் புத்தகத்தில் பாராட்டே வேண்டாம். அவள் எப்படிப்பட்டவள் என்று நீங்கள் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை, அது அவளுக்கே தெரியும். என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுங்கள், அதுவும் உங்கள் ஞாபகம் இடது பக்கத்தில், அவள் ஞாபகம் வலது பக்கத்தில். இரண்டும் ஒத்துப்போகாது. ஒத்துப்போக வைக்கவும் முயற்சி செய்யாதீர்கள். நான் சொல்லும் எல்லாமே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

இதில் ஒரு சங்கடம், புத்தகம் அவளுக்குத் தெரியாமல் நடக்காது. ஆச்சரியப் பரிசு கொடுக்கும் ஆசை இருந்தால் அதை முதலிலேயே விட்டுவிடுங்கள். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அச்சான பிரதியை மட்டும் வேண்டுமானால் சொல்லாமல் அனுப்பிக்கொள்ளலாம்.

முதல் வேலை, படம் வரைவது

பேச உட்கார்வதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு முழு வெள்ளைத்தாள் எடுத்துக்கொண்டு, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன வழியை வரையுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை, கோடு போதும். வீடுகள், கடைகள், திரும்பும் முனைகள், தண்ணீர் குடித்த இடம், பயந்த இடம், எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். வரைந்து முடித்தபின் போட்டோ எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளுங்கள்.

நான் வரைந்ததில் துக்காம்பாளையத் தெரு நேராகப் போய், கும்பேஸ்வரர் கோயில் யானை நிற்கும் இடம் பெரிதாக இருந்தது. அவள் வரைந்ததில் யானையே இல்லை. அதற்குப் பதிலாக விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல்) போட்டிருப்பார்களே, அதைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போன சந்துகள் ஒவ்வொன்றும் இருந்தன. எனக்கு அது விளையாட்டாகச் சுற்றிப் போன வழி. அவளுக்கு அது வீட்டுத் தொழில், நூலில் கால் பட்டால் அறுந்துவிடும், அப்பாவிடம் அடி விழும். இத்தனை வருடமாக இரண்டு பேரும் ஒரே வழியில் போனதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் படங்களை அப்படியே புத்தகத்தின் நடுப்பக்கத்தில் எதிரெதிராகப் போட்டுவிட்டேன், ஒரு வார்த்தை விளக்கம் கூட எழுதவில்லை.

கேட்பது எப்படி

"உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கே!" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. "நம்ம சிநேகிதத்தைப் பத்தி என்ன நினைக்கிறே?" என்று கேட்டால் மேடைப் பேச்சு வரும். பொருளைக் கேளுங்கள், இடத்தைக் கேளுங்கள், கையும் காலும் என்ன செய்தன என்று கேளுங்கள். எந்த வீட்டு நாய்க்குப் பயந்து ஓடினோம், மழையில் நனைந்த பாவாடையை எங்கே நின்று பிழிந்தோம், பேனாவில் மை தீர்ந்தால் யாரிடம் கடன் வாங்கினோம். பெஞ்சு மேல் மைச்சொட்டு விடச் சொல்லி அதைப் பேனா முள்ளால் உறிஞ்சிக்கொள்வோமே, அந்த மாதிரி. யாருடைய அக்காவிடம் கனகாம்பரம் கட்டக் கற்றுக்கொண்டோம், பள்ளிக்கூட வாசல் கிழவி நெல்லிக்காயோடு உப்பைத் தாளில் கொடுத்தாளா, கையில் கொட்டினாளா. இப்படிச் சின்னதாகக் கேட்டால் பெரிது தானாக வரும்.

விளையாட்டுகளின் பெயரை வரிசையாக எழுதிப் பெருமூச்சு விடும் கட்டுரைகள் ஏராளமாக வந்துவிட்டன. நீங்கள் விதிகளை எழுதுங்கள். பல்லாங்குழியில் காலிக் குழியில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து நாலானால் பசு என்று எடுப்போம் என்றேன் நான். எங்கள் வீட்டில் ஆறுதான் என்றாள் அவள். அப்படியானால் வெயிற்கால மத்தியானங்களில் யார் கணக்குப்படி ஆடினோம்? அவள் வீட்டுத் திண்ணையில் ஆடினால் ஆறு, என் வீட்டில் ஆடினால் நாலு என்று பேசி முடிவு செய்திருக்கிறோம், இது அவளுக்குத்தான் ஞாபகம் வந்தது. பாண்டிக் கட்டம் எத்தனை, சில்லு கோட்டில் விழுந்தால் என்ன தண்டனை, அஞ்சாங்கல்லில் கல் தவறினால் முதலிலிருந்தா, விட்ட இடத்திலிருந்தா, எல்லாவற்றையும் எழுதுங்கள். பேத்திகள் படிக்கப்போகும் ஒரே பக்கம் அதுவாகத்தான் இருக்கும். அப்புறம், நோட்டுக்குள் வைத்த மயிலிறகு குட்டி போட்ட கதையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதை எழுதாதவர்கள் யாரும் பாக்கி இல்லை.

எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்காதீர்கள், பேட்டி மாதிரி ஆகிவிடும். கீரை ஆய்ந்துகொண்டோ, பூக் கட்டிக்கொண்டோ, அப்பளம் காய வைத்துக்கொண்டோ பேசும்போதுதான் வாய் சரளமாக வரும். போனில் குரலைப் பதிவு செய்யும் வசதியைப் போட்டுவிட்டு, மடித்த துண்டின் மேல் வையுங்கள், மேஜை அதிர்வு ஏறாது. மின்விசிறியை நிறுத்துங்கள், குக்கர் அடுப்பில் இருந்தால் முடியட்டும். பதிவாகிறது என்பதை அவளிடம் சொல்லிவிட வேண்டும், அதை மறைத்துச் செய்வது சிநேகிதத்துக்கு அழகில்லை. வீடியோ வேண்டாம், கேமராவைப் பார்த்ததும் நம்மூர்ப் பெண்கள் முந்தானையைச் சரி செய்துகொண்டு எழுத்துத்தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

பேசியதை எழுத்தாக்க போனிலேயே தமிழ்க் குரல் தட்டச்சு இருக்கிறது, பாதி வேலையை அது செய்துவிடும். மீதிப் பாதி காமெடியாக இருக்கும், உட்கார்ந்து திருத்த வேண்டும். திருத்தும்போது அவள் பேச்சை நல்ல தமிழாக மாற்றிவிடாதீர்கள். "போயிட்டிருந்தப்போ" என்று சொன்னாள் என்றால் "சென்றுகொண்டிருந்தபோது" என்று போட்டால் அது வேறு யாரோ. என் சிநேகிதி வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், கோபம் வந்தால் அதில்தான் திட்டுவாள். அந்த வார்த்தைகளை அவளையே தமிழ் எழுத்தில் எழுதித் தரச் சொல்லி அப்படியே போட்டேன். அர்த்தம் போடவில்லை, அவள் போடக் கூடாது என்றுவிட்டாள்.

எந்த வருடம் என்று பிடிப்பது

"நாம சின்னப் புள்ளையா இருக்கறப்போ" என்பது ஒரு காலம் கிடையாது. அஞ்சாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். ஊருக்கெல்லாம் பொதுவாக நடந்த ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் வருடம் வந்துவிடும்.

கும்பகோணத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு மகாமகம். 1968, 1980, 1992, 2004, 2016. அவளும் நானும் 1968இல் இடுப்பில், 1980இல் பாவாடை தாவணியில், 1992இல் இரண்டு பேரும் இரண்டு ஊரிலிருந்து கைக்குழந்தைகளோடு. எங்கள் புத்தகத்தின் அத்தியாயப் பிரிவே இதுதான், வேறு தலைப்பு யோசிக்கவில்லை. உங்கள் ஊருக்கும் ஒன்று இருக்கும், கும்பாபிஷேகமோ, ஆற்றில் வெள்ளம் வந்த வருடமோ, புதுப் பாலம் திறந்த வருடமோ.

மற்றபடி எங்கள் வயதுக்காரர்களுக்கு உதவும் சில தேதிகள் சொல்கிறேன். 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரை கடந்த புயல், டெல்டாவில் அந்த இரவை மறந்தவர்கள் இல்லை, திருச்சியில் வெள்ளம். 1979 ஜூலை 11இல் ஸ்கைலாப் விழுந்தது. அமெரிக்காவின் விண்வெளிக் கூடம் நம் தலையில்தான் விழப்போகிறது என்று பெரியவர்களே நம்பினார்கள், பிள்ளைகள் சாகப்போகிறோம் என்று சேர்த்து வைத்த காசையெல்லாம் கமர்கட்டாகவும் இலந்தை வடையாகவும் தின்று தீர்த்தார்கள். கடைசியில் அது இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்கிலும் போய் விழுந்தது, காசு போனது போனதுதான். 1980 பிப்ரவரி 16இல் சூரிய கிரகணம். மத்தியானம் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. அதற்கு இரண்டு வாரத்தில் மகாமகக் கூட்டம். ஆகவே "கிரகணத்துக்கும் மகாமகத்துக்கும் நடுவில்" என்று ஒருத்தி சொன்னால் நாள் கணக்கிலேயே தேதி சொல்லிவிடலாம். அந்த நடுவில்தான் அவள் என்னிடம் கா விட்டாள், அது பின்னால்.

1983 ஜூன் 25இல் உலகக் கோப்பை. ஆண்களுக்கு அது கபில்தேவ், எங்களுக்கு அது பிளஸ் டூ முடித்து, மேலே படிக்க வைப்பார்களா மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்த கோடை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்ததே 1978இல்தான், எங்கள் அக்காக்கள் கல்லூரியில் ஒரு வருடம் பியூசி என்ற புகுமுக வகுப்பு படித்தவர்கள். யாராவது "பியூசி" என்றால் அதற்கு முந்தைய காலம் என்று புரிந்துகொள்ளலாம். டிவி ஞாபகம் என்றால் நம்பி மோசம் போகாதீர்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டில் வந்தது, ஆனால் எங்கள் பக்கம் அது எட்டவில்லை. 1982இல் ஆரம்பித்த இலங்கை ரூபவாஹினியைத்தான் உயரமாக ஆண்டெனா நட்டு இழுத்துப் பார்த்தோம். கருப்பு வெள்ளை டிவியில் சென்னை நிகழ்ச்சியைப் பத்து வயதில் பார்த்ததாக அவள் அடித்துச் சொன்னாள். சொல்லட்டும், வலது பக்கத்தில் அப்படியே போட்டேன். பிறகு 1987 டிசம்பர் 24, எம்.ஜி.ஆர். இறந்த நாள். பஸ் ஓடாமல் யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று கேட்டால், யார் எந்த ஊரில் புது மருமகளாக இருந்தார்கள் என்பது வரைக்கும் வரும்.

கடிதங்கள், போட்டோக்கள், கேசட்டு

கல்யாணத்துக்கு அப்புறம் எங்கள் சிநேகிதம் இன்லேண்ட் லெட்டரில்தான் ஓடியது. எஸ்டிடி பூத்தில் மீட்டர் ஓட ஓடப் பேசுவதற்கு மாமியார் வீட்டில் யார் காசு கொடுப்பார்கள். பரணில் தேடினால் பிஸ்கட் டப்பாவில் கிடைக்கும், சிநேகிதி வீட்டிலும் தேடச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியது அவளிடமும் அவள் எழுதியது உங்களிடமும்தானே இருக்கும், இரண்டையும் சேர்த்தால்தான் பேச்சு முழுசாகும்.

மடிப்பில் விரிசல் விட்ட இன்லேண்டை வெடுக்கென்று விரிக்காதீர்கள். மெதுவாகத் திறந்து, இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரண்டு மூன்று நாள் விட்டால் படிந்துவிடும். செலோடேப் போட்டு ஒட்டவே கூடாது, சில வருடத்தில் பழுப்பாகி எழுத்தையும் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம், அந்தச் சூட்டில் மை என்ன ஆகும் என்று சொல்ல முடியாது, பிறகு பிரிக்கவும் முடியாது. தேதி எழுத மறந்த கடிதத்துக்கு அஞ்சல் முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், ஊரும் நாளும் அதில் இருக்கும். முத்திரை கலங்கியிருந்தால் இன்லேண்டிலேயே அச்சடித்திருக்கும் விலையை வைத்து மற்ற கடிதங்களோடு ஒப்பிட்டு முன்பின் சொல்லலாம். பின்கோடு வந்தது 1972இல், முகவரியில் அது இருந்தால் அதற்குப் பிறகு. ஸ்கேன் எடுத்ததும் கடிதங்களைத் துணிப்பையில் போட்டு வசம்புத் துண்டோடு வையுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து சுவடிக் காலத்திலிருந்து வசம்புதான் வைத்திருக்கிறார்கள், வேலை செய்கிறது.

போட்டோக்களில் பெரிய எதிரி எண்பதுகளில் வந்த அந்தப் பசை ஆல்பம், மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்குமே அது. படம் அட்டையோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். இழுத்தால் கிழியும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலோ, நல்ல வழவழப்பான தையல் நூலோ எடுத்து, படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு மூலையில் நுழைத்து ரம்பம் போல மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், அட்டையோடு ஸ்கேன் எடுங்கள். சட்டம் போட்ட படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான், பிரிக்காமல் கண்ணாடியோடு சேர்த்தே எடுப்பது நல்லது. ஸ்கேனர் என்றால் அதில் நுணுக்க அளவு போட்டோவுக்கு 600 டிபிஐ, கடிதத்துக்கு 300 போதும். போனில் எடுப்பதானால் ஜன்னல் ஓரம், வெயில் நேரே விழாத வெளிச்சம், ஃபிளாஷ் கூடாது, நேர் மேலே இருந்து. படத்தின் பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள், ஸ்டூடியோ முத்திரையும் யாரோ எழுதிய பெயரும் அங்கேதான் இருக்கும். நீங்கள் பெயர் எழுதுவதானால் மெத்தென்ற பென்சிலால் எழுதுங்கள், பால்பாயிண்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

படம் எதுவுமே இல்லையே என்பவர்கள் நிறைய. எங்களுக்கும் பள்ளிக்கூட வகுப்புப் படம் தவிர, தாவணி போட்ட வருடம் ஸ்டூடியோவில் போய் எடுத்த ஒன்றே ஒன்றுதான், அதிலும் இரண்டு பேரும் மூச்சு விடாமல் நிற்கிறோம். வகுப்புப் படத்தை வைத்து ஒரு வேலை செய்யலாம். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, இரண்டு பேரும் தனித்தனியாகப் பெயர் எழுதிப் பாருங்கள். யார் பெயரை ஒருத்தியும் எழுதவில்லையோ அவளைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள்.

கேசட்டு கிடைத்தால் உடனே பிளேயரில் போட்டுவிடாதீர்கள், ஆர்வத்தில் எல்லோரும் செய்வது இதுதான். மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும், அதை முதலில் உடைத்துவிட்டால் தவறி ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் பழசு அழியாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே கூடாது, அதற்கென்று சுத்தம் செய்து மாற்றித் தரும் கடைக்குக் கொடுங்கள். நன்றாக இருந்தால் ஒரு முறை கடைசி வரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றி, பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் கொடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். அறுபது நிமிடக் கேசட்டு சொன்னபடி கேட்கும், நூற்றிருபது நிமிடக் கேசட்டின் நாடா மெலிசு, சிக்கிக்கொள்ளும், பார்த்து. பாட்டு பதிந்த கேசட்டாக இருந்தாலும் கடைசி வரை கேளுங்கள். பாட்டு முடிந்து மிச்சமிருக்கும் நாடாவில்தான் வீட்டார் "பேசு, பேசு" என்று மிரட்டிப் பேச வைத்தது இருக்கும்.

மற்ற சாட்சிகள்

வயதில் பெரியவரிடம் முதலில் போங்கள், சிநேகிதியிடம் அப்புறம் கூடப் பேசிக்கொள்ளலாம். அவள் அம்மா இருந்தால் அவரிடம். எண்பது தாண்டியவர்களுக்குக் காலை நேரம்தான் தெளிவு, பத்து நிமிடம் பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டு இன்னொரு நாள் போவது நல்லது. என் சிநேகிதியின் அம்மா என்னைப் பற்றிச் சொன்னது ஒரே வரி: "நீ தார் சுத்துனா நூல் தொளதொளன்னு இருக்கும், நீ போனப்புறம் நான் பிரிச்சுத் திருப்பிச் சுத்துவேன்." பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் ராட்டையில் நூல் சுற்றும்போது நானும் பெரிய உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சுற்றுவேன். இடது பக்கத்தில் என் உதவி பற்றி முக்கால் பக்கம் இருக்கிறது. வலது பக்கத்தில் அம்மாவின் வரி மட்டும்தான்.

அப்புறம் தம்பிமார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் இரண்டு பேர் பொற்றாமரைக் குளம் வரை போவதென்றாலும் ஒரு தம்பியைக் காவலுக்கு அனுப்புவார்கள். காவல் வந்த தம்பிக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்திருப்போம். இப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது, கேட்டால் எல்லாவற்றையும் கொட்டுவார். சேமியா ஐஸா பால் ஐஸா என்பது முதல் ஆடிப்பெருக்கன்று பகவத் படித்துறையில் யார் செருப்பு ஆற்றோடு போனது என்பது வரை. நாங்கள் காதோலை கருகமணி விட்டதும் காப்பரிசி தின்றதும்தான் சொல்கிறோம், அவர் தான் இழுத்த சப்பரத்தின் சக்கரம் கழன்றதற்கு எங்களைத்தான் காரணம் சொல்கிறார்.

சண்டையும் திண்ணையும்

சண்டை போட்டதைக் கட்டாயம் எழுதுங்கள். சண்டையே போடாத சிநேகிதம் என்று யாராவது சொன்னால் அவர்கள் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவர்களாக இருக்க முடியாது. கிரகணத்துக்கும் மகாமகத்துக்கும் நடுவில் கா விட்ட காரணம் எனக்குத் தெரிந்து ஒரு ரிப்பன், அவளுக்குத் தெரிந்து அவள் அக்காவின் கல்யாணம் நின்றுபோனதை நான் வகுப்பில் சொன்னது. எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டும் இருக்கின்றன. பழம் விட்டது மகாமகக் குளத்தங்கரையில், பதினாறு மண்டபத்தில் எந்த மண்டபம் என்பதில் மட்டும் அதிசயமாக ஒத்துப்போகிறோம்.

இன்னொன்று உண்டு, இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். சிநேகிதி உங்கள் வீட்டில் எது வரை வந்தாள்? திண்ணை வரையா, கூடம் வரையா, அடுக்களை வரையா? தண்ணீர் எந்த டம்ளரில் கொடுத்தார்கள்? நம் ஊர்களில் சாதி மதம் பார்த்து இதெல்லாம் நடந்தது, நடக்கிறது. பால்ய நினைவு என்று எழுதும்போது வீட்டுக்காரப் பிள்ளைக்கு இது ஞாபகமே இருக்காது, வெளியே நின்ற பிள்ளைக்கு டம்ளரின் நிறம் கூட ஞாபகம் இருக்கும். அவளிடம் கேளுங்கள். அவள் சொல்ல விரும்பினால் அவள் பக்கத்தில் அவள் சொன்னபடி போடுங்கள். "அப்போ எல்லார் வீட்டிலும் அப்படித்தானே" என்று உங்கள் பக்கத்தில் சமாதானம் எழுத ஆரம்பித்தால் பேனாவை மூடிவிடுங்கள், வெற்றுப் பக்கமே மேல். சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிட வேண்டும், தோண்டக் கூடாது.

எதைப் போடலாம், கூடாது என்பதில் கடைசி வார்த்தை அவளுடையது. பழைய காதல், கடன், மாமியார் கதை, இவையெல்லாம் பேசும்போது கட்டாயம் வரும், ஏனென்றால் அதற்குத்தானே சிநேகிதி. அச்சுக்குப் போகும் முன் முழுவதையும் ஒரு முறை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவள் எடு என்றால் எடுத்துவிடுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். ரெக்கார்டிங்கிலும் அந்த இடத்தை வெட்டிவிடுங்கள், பிள்ளைகள் கேட்பார்கள்.

அச்சுக்கடையில்

யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்து உள்ளே பதிந்த பிடிஎஃபாக மாற்றிக் கொண்டுபோங்கள். வெறும் வேர்டு ஃபைலாகக் கொடுத்தால் கடையில் திறக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிப்போகும். எழுத்து 14 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம், படிப்பவளுக்கு அறுபது வயது. உள்தாள் 100 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாள், படங்கள் வரும் தாள்களை மட்டும் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரில் போட்டால் போதும், எல்லாமே பளபளப்பாக இருந்தால் கல்யாண ஆல்பம் மாதிரி ஆகிவிடும். நடுவில் பின் அடிப்பதானால் பக்கங்கள் நாலால் வகுபட வேண்டும், 48, 52, 56 இப்படி. அதற்கு மேல் தடித்தால் பசை பைண்டிங். இரண்டு பிரதி என்றால் சில கடைகளில் முகம் சுளிப்பார்கள், டிஜிட்டல் பிரிண்ட் போடும் கடையாகப் பார்த்துப் போங்கள். நூறு பிரதி அடித்தால் மலிவு என்பார்கள். வேண்டாம், தொண்ணூற்றெட்டுப் பேர் படிக்கிற மாதிரி நீங்கள் எழுதவில்லை.

ஸ்கேன்களையும் குரல் பதிவுகளையும் உங்கள் கம்ப்யூட்டரில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, அவள் வீட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது வருடம் முதலில் வரட்டும், "1980 மகாமகம் ஸ்டூடியோ படம்" என்பது போல, தேடச் சுலபம்.

நாலால் வகுபடுவதற்காகக் கடைசியில் சில வெற்றுப் பக்கங்கள் மிஞ்சும். அவற்றுக்கு எண் போட்டு, கோடும் போட்டு விடுங்கள். எனக்கு வந்த முதல் போன், "பதினேழாம் பக்கத்துல எங்க அப்பா சட்டை நீலம்னு போட்டிருக்கே, அவர் சட்டையே போட மாட்டார்டீ" என்றது. அந்த மாதிரித் திருத்தங்களை அவள் கைப்பட அந்தப் பக்கங்களில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அனுப்பிக்கொண்டிருக்கிறாள், இதுவரை ஒன்றைக் கூட நான் ஒப்புக்கொள்ளவில்லை.